பேச்சியக்கா உட்காரும் மூலை

ஏய்யா, இந்தத் தாளை நான் ஒட்டவில்லை. மடித்து மட்டும் உன் பெண்டாட்டி செல்வி கையில் கொடுக்கப் போகிறேன். நீயே படித்தாலும் சரி, அவள் படித்துச் சொன்னாலும் சரி, தெருவில் போகிற யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடுதாசி எழுதுகிற அம்மா இந்தப் பேரையூர் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு என்ன செய்ய? நான் வாயைத் திறந்தால் நீ பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிறாய். நேற்று நீ சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தேன், பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டாய். பத்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும் என்று பேரனின் நோட்டில் தாளைக் கிழித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஜீப் நிற்கிறது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருக்கிறது. புதுப் பெயிண்டு வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு விடிந்ததும் அந்த வண்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு பருத்தி எடுக்கப் போகாதே. கும்பிட்டுக் கேட்கிறேன். அதன் அடித்தகடு துருவேறிச் செத்துப்போய்விட்டது. மேலே பட்டி பூசிப் பெயிண்டு அடித்திருக்கிறதே தவிர உள்ளே பிடிமானம் என்று ஒன்றுமில்லை. இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பூசிக் கொடுத்த அவனியாபுரம் பட்டறை பாய்க்கும் தெரியும். தெரியாதவர்கள் நாளைக்கு அதில் உட்காரப் போகிறவர்கள் மட்டும்தான்.

உன் அப்பா இந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் நிறுத்தியபோது நீ அரை டவுசர் போட்டிருந்தாய். அப்போதே அது நாலு கை மாறிய வண்டிதான். ஆனால் நம் தெருவுக்குள் வந்து, நம் வீட்டு முன்னால் நின்று, நம்முடையது என்று சொல்லிக்கொண்ட முதல் வண்டி அதுதான். அதற்கு முன்னால் நாங்கள் வேலைக்குப் போனதெல்லாம் நிலம் வைத்திருக்கிற சம்சாரிகளின் டிராக்டர் பெட்டியில். உட்காரக் கூடாது, நிற்க வேண்டும். உரமூட்டை போக மிச்சம் இருக்கிற இடம் எங்களுக்கு. மேடு வந்தால் இறங்க வேண்டும், சகதி வந்தால் தள்ள வேண்டும். ஒருமுறை பெட்டி குலுங்கியதில் ஒரு மூட்டையும் அதன் மேல் சாய்ந்திருந்த நானும் சேர்ந்தே கீழே விழுந்தோம். ஓட்டி வந்தவர் இறங்கி ஓடி வந்து மூட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய். அதை உன் அப்பாவிடம் சொன்னேன். வருஷங்கள் கழித்து இந்த ஜீப்பின் பின்னால் எதிரெதிராக ரெண்டு பெஞ்சு அடித்து, பஞ்சு வைத்துத் தைத்துவிட்டு, "இனிமே நம்ம பொம்பளைக உக்காந்து போவாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வண்டி மேல் உனக்கு இருக்கிற பாசம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? என் பாசம் உன்னுடையதைவிடப் பழையது.

இன்றைக்கும் வேலை நடக்கிற முறை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் எழுதினால்தான் உனக்கு உறைக்கும். எந்தச் சம்சாரிக்கு ஆள் வேண்டுமானாலும் போன் உனக்கு வருகிறது. விடியக்காலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஆளைக் கிளப்புவது நான். வண்டியில் அவரவருக்கு ஒரு இடம் உண்டு, யாரும் மாறி உட்கார மாட்டார்கள். முட்டி மடங்காத எனக்கு முன்சீட்டு. வெற்றிலை போடுகிற பேச்சியக்காவுக்குப் பின்கதவை ஒட்டிய மூலை, எட்டித் துப்ப வசதியாக. எல்லோரும் ஏறின பிறகு நீ சுற்றி வந்து எனக்குக் கையைக் கொடுப்பாய். "ஏறும்மா மகாராணி" என்று தினமும் ஒரு கிண்டல். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கி ஒரு வழியாக ஏறிவிடுவேன். என் வயசு எனக்குத் தெரிவதே அந்த ஒரு நேரத்தில்தான். மற்ற பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள். மகன் கைதூக்கி ஏற்றிவிடுகிற அம்மா என்று என் மேல் அவர்களுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, எனக்கு அதில் பெருமையும் உண்டு.

பேச்சியக்காவின் கால் வண்டித் தகட்டுக்குள் போன அன்றைக்கு நீ திரும்பிப் பார்த்தாய், முழுசாகப் பார்க்கவில்லை. கல்லுப்பட்டி தாண்டி அந்த வேகத்தடையில் வண்டி குதித்தது. பின்னால் அவள் "அடியே" என்றாள். கத்தக்கூட இல்லை, சோறு தீய்ந்துவிட்டதைப் பார்த்தவள் போல ஒரு சத்தம். பார்த்தால் அவள் வலது கால் முழங்கால் வரைக்கும் வண்டிக்குக் கீழே இருக்கிறது. தகடு பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நீ பிரேக் போட்டு நிறுத்துவதற்குள் செருப்பு ரோட்டில் உருண்டு போயிற்று. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். துருப்பிடித்த விளிம்பு ஆடுசதையைக் கீறி ரத்தம் ஒழுகியது. முதலில் சிரித்தது அவள்தான். "செருப்புதான போச்சு, காலு இருக்குல்ல" என்றாள். அவ்வளவுதான், பருத்திக் காடு போய்ச் சேரும் வரை எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ அவளை ஊசி போடக் கூட்டிப் போனாய், புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாய். நல்ல பிள்ளை என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலும் ரோடும் சக்கரமும்தான் ஞாபகம் வருகிறது.

அன்று சாயங்காலம் நீ குளிக்கப் போன நேரத்தில் வண்டிக்குப் பின்னால் போய், கிழிந்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கடியில் ஒரு பேனர் விரித்திருந்தது. என் பேரன் காதுகுத்துக்கு மெயின்ரோட்டில் வைத்தோமே, அதே பேனர். நடுவில் பிள்ளை, சுற்றி கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள், ஓரத்தில் கைகூப்பிக்கொண்டு நான். என் முகம் இருந்த இடத்தில்தான் பேச்சியக்காவின் கால் கிழித்துக்கொண்டு போயிருந்தது. பேனரையும் தூக்கினேன். தகட்டில் ஒரு ஓட்டை இல்லையய்யா, ஓட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் தகடு இருந்தது. கீழே மண்ணில் நம் கோழி மேய்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. உன்னைக் கேட்டதற்கு, புழுதி ஏறி வருகிறது என்று அவர்கள் புலம்பினார்கள், அதனால் விரித்தேன் என்றாய். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறாய். மாட்டுக்கொட்டகைக்குக் கூரை, சோளத்துக்குப் படுதா, எல்லாவற்றுக்கும் நம் ஊரில் பேனர்தானே. ஆனால் நீ புழுதியை மறைத்தபோது ஓட்டையையும் சேர்த்து மறைத்துவிட்டாய். மழைத்தண்ணீர், கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதற்கடியில் தங்கி மிச்சமிருந்த தகட்டையும் தின்றுவிட்டது.

நீ வண்டியை அவனியாபுரத்துப் பட்டறையில் விட்டதும் எனக்கு உயிர் வந்தது. சரி, பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். உனக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்து அந்தப் பட்டறைக்கு வந்தேன். நீ பெயிண்டு வாங்கப் போயிருந்தாய். பாய் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, வண்டியைக் காட்டுங்கள் என்றேன். அவர் சுத்தியலால் அங்கங்கே தட்டிக் காட்டினார். முன்பக்கம் தட்டினால் கணீரென்றது. பின்பக்கம் தட்டினால் ஈரச்சுவரில் தட்டுவது போல ஒரு மொத்தைச் சத்தம், அப்பளம் உடைகிற மாதிரி துரு துண்டு துண்டாக விழுந்தது. வெள்ளிக்கிழமை தோறும் திருமங்கலம் சந்தைக்கு ஆடு ஏற்றியிருக்கிறீர்களா என்று கேட்டார். உன் அப்பா காலத்தில் ஏற்றினோம் என்றேன். ஆட்டு மூத்திரம் அப்போது ஆரம்பித்து வைத்தது, பேனர் முடித்து வைத்தது என்றார். பாடியைத் தூக்கி, அடித்தகட்டை மொத்தமாக அறுத்து எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டுமாம். பின்கதவு தொங்குகிற தூணும் போய்விட்டதாம். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அக்கா, ஓட்டையை விடுங்க. பெஞ்சைப் புடிச்சிருக்கிற போல்ட்டுக்குக் கீழ பிடிமானமே இல்ல. பள்ளத்துல ஒரு போடு போட்டா பெஞ்சோட எல்லாரும் பின்கதவு வழியாப் போயிருவாங்க."

பிறகு எதற்குப் பட்டி பூசுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், வண்டிக்காரர் சொல்வதைத்தானே செய்ய முடியும், நான் மாட்டேன் என்றால் அடுத்த பட்டறையில் பூசிக்கொண்டு போய்விடுவார் என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் பெற்ற பிள்ளையா அந்த வண்டியை ஓட்டப் போகிறது? அந்த நேரத்தில் நீ வந்தாய். ஊரார் முன்னால் அசிங்கப்படுத்துகிறாய் என்று என் மேல் சீறினாய். நான் விடாமல் கேட்டதும், குரலைத் தணித்து, என் தோளில் கையைப் போட்டு அந்த வார்த்தையைச் சொன்னாய். "பருத்தி முடியட்டும்மா. முடிஞ்சதும் மொத்தமாப் பாத்துக்கலாம்." நான் புளிச்சோற்றை உன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நான் சம்மதித்துவிட்டதாக நீ நினைத்தாய். அதே வார்த்தையை அதே குரலில் நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன்.

உன் அப்பாவின் காலில் கருவேல முள் ஏறியதும் இதே பருத்திக் காலத்தில்தான். சர்க்கரை உடம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், மேலே காய்ந்துவிட்டது, பருத்தி முடியட்டும் என்றார். புண்ணைத் துணியால் சுற்றி, பவுடரைக் கொட்டி, வாழ்நாளில் போடாத மனுஷன் சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். பார்க்கிறவர்கள் எல்லாம், என்னப்பா டிரைவர் ஆபீசர் மாதிரி இருக்கிறார் என்று கேலி பேசினார்கள். அவரும் சிரித்துக்கொண்டார். மேலே பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. காய்ச்சல் வந்து விழுந்த பிறகு ஷூவைக் கழற்றியவன் நீ. அந்த வாடையில் நீ வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாய். இதே ஜீப்பின் பெஞ்சில் அவரைப் படுக்கவைத்து நீதான் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாய். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் நமக்கு மிஞ்சவில்லை. உடம்பை எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு நீ இந்த வண்டியின் பானெட்டில் தலையை முட்டிக்கொண்டு, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா என்று அழுதாய். உன்னைப் பிடித்து இழுக்க என்னால் முடியவில்லை. ஏய்யா, இப்போது நான் முன்னாடியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாயால் சொன்னேன், இப்போது எழுதியும் சொல்கிறேன். இதற்கு மேல் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நீயே சொல்லு.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பருத்தி வெடித்து நிற்கிற நேரத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டால், நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக இன்னொருத்தன் வருவான். ஒருமுறை வேறு வண்டியில் ஏறிப் பழகினால் சம்சாரிகளின் போன் அவனுக்குப் போய்விடும். அப்புறம் நீ இன்னொருத்தன் வண்டிக்குக் கூலிக்கு டிரைவராகப் போய், அவன் தண்ணீர் வாங்கி வரச் சொன்னால் வாங்கி வர வேண்டும். நீ பேராசைப்படவில்லை, பழையபடி ஆகிவிடுவோமோ என்று பயப்படுகிறாய். எனக்கும் அதே பயம்தான். ஆனால் பயத்தில் செய்கிற காரியத்தை நாலு தரம் யோசித்துச் செய்ய வேண்டும். உன்னால் முடியவில்லை என்றால் நான் உனக்காக யோசித்துவிட்டேன். வண்டி பட்டறையில் கிடக்கும் வரை பக்கத்துக் காடுகளுக்கு நடந்து போகிறோம். தூரத்துக் காடு என்றால் சம்சாரியையே டிராக்டர் அனுப்பச் சொல்லி நான் பேசுகிறேன். பெட்டியில் நின்றுகொண்டு போகிறோம். உன் அப்பா எதற்காக இந்த வண்டி வாங்கினாரோ அதையே விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்கிறேன், இதைவிட நான் என்ன இறங்கி வர முடியும்? நின்றுகொண்டு போனால் கௌரவம்தான் போகும்.

நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. நேற்று வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டேன். நீ அலட்டிக்கொள்ளாமல் இன்னொரு சாவியை எடுத்து மாட்டிக்கொண்டாய். இன்று காலையில், தினமும் தட்டுகிற அதே கதவுகளைத் தட்டினேன். தட்டி, நாளைக்கு வண்டியில் ஏறாதீர்கள், உள்ளே தகடு இல்லை என்று சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. நீ தெருவில் ஓட்டிக்கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், புது வண்டி கணக்காக இருக்கிறதே என்கிறார்கள். வீட்டில் உனக்கும் எனக்கும் சண்டை, அதனால் நான் உன் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். பேச்சியக்கா மட்டும் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் நாளைக்கு ஏற மாட்டேன் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏறாட்டி ஒனக்கு முட்டி வலி சாஸ்தியாயிருச்சுன்னு நெனச்சுக்குவோம். இம்புட்டு வருசமா நம்ம பய வண்டிதான, வாங்கடின்னு நீதான கூப்ட்ட. ஒன் வாயாலதான ஏறினோம்."

என் வாயால்தான் ஏறினார்கள். அவள் பிள்ளை திருப்பூரில் இருக்கிறான், அவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் அவனுக்கு யார் போன் பண்ணுவது? நானா, நீயா? என்ன சொல்லி ஆரம்பிப்பது? இந்தக் கேள்வியை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பஞ்சாயத்துக்கும் போலீசுக்கும் பயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாம் இந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும், அந்தக் கதவுகளைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும்.

நான் ஏறாமல் வீட்டில் இருந்தால் அவர்கள் என்னை விட்டுவிட்டு ஏறிப் போவார்கள். அதனால் நானும் வருகிறேன். ஆனால் முன்சீட்டில் இல்லை. மறுபடி போய் முன்சீட்டை நாளைக்குப் பேச்சியக்காவுக்குக் கொடுத்துவிட்டேன், ஒருநாள் மகாராணியாக இருந்து பார் என்று சொன்னேன், அவளுக்கும் ஆசைதான், சரி என்றுவிட்டாள். எச்சில் துப்ப அந்தப் பக்கமும் ஜன்னல் இருக்கிறது. அவள் மூலையில், பின்கதவை ஒட்டி, பாய் பூசிக் கொடுத்த பட்டிக்கு மேலே நான் உட்காரப் போகிறேன். இதை எழுதி முடித்ததும் போய் அந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுவேன். உன் அம்மா கால் வைக்கிற இடம் உனக்குக் கண்ணாடியில் தெரிய வேண்டும். இது மிரட்டல் இல்லையய்யா. மிரட்டவெல்லாம் எனக்குத் தெம்பில்லை. வேறு வழி தெரியாமல் செய்கிறேன்.

நாளைக்கு விடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் ஏறுவார்கள். நான் பின்கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பேன். அந்தப் படி முன்படியைவிட உயரம், என் முட்டி மடங்காது, என்னால் தனியாக ஏற முடியாது. நீதான் சுற்றி வந்து கையைக் கொடுத்து என்னை அந்த மூலையில் ஏற்றிவிட வேண்டும்.

உன் அம்மா